முப்பத்தொன்றாம் தொட்டிக்கு ஒரு சொட்டு

எங்கள் அண்ணிக்கு மஞ்சள் ஆகாது. சேலையில் இருந்தால் பரவாயில்லை, இலையில் இருந்தால் ஆகாது. மாடிப்படி ஓரத்துச் செடியில் ஓர் இலை வெளுத்தால் போதும், அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் சாப்பாடு தாமதம். "பாவம், அதுக்குப் பசிக்குது" என்று எதையாவது கரைத்து ஊற்றிவிட்டுத்தான் அடுப்புப் பக்கம் திரும்புவாள். எங்களுக்கும்தான் பசிக்கிறது என்று அண்ணன் கத்தினால், "உங்களுக்கு வாய் இருக்கு, கத்துறீங்க. அது என்ன பண்ணும்?" என்பாள்.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்பே எனக்குத் தோழி. அதனால் வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டாலும் வா, போ என்றுதான் பேசுவேன். நான் வேலை பார்க்கும் பயிர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளைச் சேர்த்துவிட்டதும் நான்தான். இதை நான் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது. அவளும் "ஆமா தாயே, உன் புண்ணியம்" என்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள்.

அங்கே அவளுக்குப் பெயர் சொட்டக்கா. டீ ஊற்றினால் டம்ளர் நிறைந்தபிறகும் ஒரு சொட்டு. யாருக்காவது விரல் வெட்டினால் மருந்து வழிந்தபிறகும் ஒரு சொட்டு. அளந்து கொடுக்கிற கை இல்லை அது. அளந்து கொடுக்கிற வேலையில் அவளைக் கொண்டுபோய் விட்டது என் தப்பு என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

அவள் வேலை கண்ணாடி வீட்டில். நாற்பது ரக நெல், ரகத்துக்கு மூன்று தொட்டி. மண் கிடையாது. தண்ணீரில் சத்து உப்புகளைக் கரைத்து, அதில் வேரைத் தொங்கவிட்டு வளர்ப்பார்கள். அந்தத் தண்ணீரில் காட்மியமும் கலந்திருக்கும். பழைய பேட்டரியிலும் முலாம் பூசும் பட்டறைக் கழிவிலும் இருக்கிற உலோகம் அது. கண்ணுக்குத் தெரியாது, வாசம் கிடையாது. நெல்லில் ஏறி, சோற்றில் ஏறி, மனிதனின் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். உட்கார்ந்தால் எழுந்திருக்காது. எந்த ரகம் இந்த விஷத்தை நெல்மணிக்கு ஏற்றாமல் வேரிலேயே நிறுத்துகிறது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் மேடத்தின் எட்டு வருட உழைப்பு.

மூன்று நாளைக்கு ஒருமுறை அண்ணி தண்ணீர் மாற்றுவாள். கதவுக்கு மேலே மேடம் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்: எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர். நாற்று வளர்ந்தபிறகு பெரிய டிரம்முக்கு மாறும். அங்கேயும் அதே சட்டம். கதிர் முற்றியதும் நெல்லும், கூடவே வேரும் இலையும் என்னிடம் வரும். அரைத்து, அமிலத்தில் வேகவைத்துக் கரைத்து, மெஷினில் விட்டு எவ்வளவு காட்மியம் என்று எண் சொல்வது என் வேலை. என் மெஷின் பொய் சொல்லாது. இதையும் நான் சொல்லிக்காட்டாத நாள் கிடையாது.

போன அறுவடையில் முப்பத்தொன்றாம் ரகம் எல்லோரையும் அசத்தியது. மற்ற முப்பத்தொன்பதும் விஷத்தை வஞ்சனையில்லாமல் ஏற்றி வைத்திருக்க, இதன் நெல்லில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். மூன்று தடவையும் அதே எண். மேடம் என் தோளைத் தட்டினார். அந்த மனுஷி தோளைத் தட்டி நான் பார்த்ததே இல்லை.

அந்த எண்ணுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொருத்தியும் காத்திருந்தாள். அண்ணியின் அக்கா. ஆற்றோரத்தில் இரண்டு ஏக்கர். மேலே இருந்த பட்டறைகளை மூடிப் பல வருடம் ஆகியும் மண்ணில் இறங்கியது இறங்கியதுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அங்கே எல்லோருக்கும் சிறுநீர் எடுத்துப் பரிசோதித்தார்கள். அக்காவுக்குச் சிறுநீரகத்திலிருந்து புரதம் கசிய ஆரம்பித்திருந்தது. சொந்த நெல்லைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிற அந்த அக்கா வாரம் ஒருதரம் போன் போடுவாள். "உங்க விதை எப்படி வருதுடி?" என்பதுதான் முதல் கேள்வி. நலமா என்பதெல்லாம் அப்புறம்.

அந்த ரகத்தின் விதையைத்தான் அடுத்த திங்கட்கிழமை ஆற்றோரத்து முப்பது வீடுகளுக்குக் கொடுப்பதாக முடிவானது. அதே வாரம் அண்ணியின் வேலையை நிரந்தரமாக்கும் பட்டியலும் வரவேண்டியிருந்தது. ஒன்பது வருடம் தற்காலிகமாகவே ஓட்டியவள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று அண்ணன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

வியாழக்கிழமை மதியம் அந்த முப்பது வீட்டுக்காரர்களையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். அண்ணி தட்டில் டீ வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருந்தாள். நான் கதவோரம் நின்றேன். மேடம் படம் போட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

"செடிக்கு இரும்பு வேணும். இரும்பு உள்ள வர்றதுக்குன்னே வேர்ல வாசல் இருக்கு. இரும்பு குறைஞ்சா செடிக்குப் பசி. உடனே வாசல் கட்டுற ஜீனைத் தட்டி எழுப்பும். ஒரு வாசலுக்குப் பத்து வாசல் திறக்கும். காட்மியத்துக்குன்னு தனி வாசல் கிடையாதுங்க. அது இந்த இரும்பு வாசல்லதான் நுழையுது."

"சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்துல எவனோ ஒருத்தன் பந்தியில உக்காந்துடுவானே, அந்த மாதிரியா?" என்றார் முன்வரிசைக்காரர் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். மேடமும் சிரித்தார்.

"அதேதான். உள்ள நுழைஞ்சதை வேர்லயே ஒரு அறையில தள்ளிப் பூட்டுறதுக்கும் ஒரு ஜீன் இருக்கு. சில ரகத்துல அந்தப் பூட்டு கெட்டுப்போயிருக்கும். விஷம் நேரா நெல்லுக்கு ஏறிடும். நம்ம முப்பத்தொண்ணுல பூட்டு நல்லா இருக்குன்னுதான் நெல்லு சொல்லுது."

"செடிக்குப் பசியே இல்லன்னா?" என்று கேட்டது அண்ணியின் அக்கா. மூன்றாம் வரிசையில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"வயிறு நிறைஞ்சிருந்தா வாசலைச் சாத்திடும். அப்புறம் எந்த ரகமா இருந்தாலும் விஷம் பெருசா ஏறாது. ஆனா அதை வெச்சு ரகம் நல்லதுன்னு சொல்ல முடியாது இல்லீங்களா? அதனாலதான் எல்லாத்துக்கும் இரும்பைக் குறைச்சு, ஒரே தண்ணி கொடுத்துப் பாக்கறோம்."

அண்ணி கையில் இருந்த தட்டு ஆடியது. இரண்டு டம்ளர் சரிந்து ஒருவர் மடியில் கொட்டியது. அவர் துள்ளி எழுந்தார். அண்ணி மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. தட்டை அப்படியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

சாயங்காலம் சமையலறையில் வைத்து விஷயத்தைக் கக்கினாள். அண்ணன் வேலையிலிருந்து இன்னும் வரவில்லை.

"முப்பத்தொண்ணு ஆரம்பத்துலேர்ந்தே மஞ்சளாத்தான் இருந்துச்சு. மூணு தொட்டியும். மத்ததெல்லாம் ஓரளவு பச்சையா நிக்குது, இது மட்டும் சோகை பிடிச்ச பிள்ளை மாதிரி. செத்துடுமோன்னு பயந்தேன். இரும்புச் சத்து பாட்டில்லேர்ந்து ஒரு சொட்டு விட்டேன்."

"ஒரு சொட்டுதானே?"

"ஒவ்வொரு தடவ தண்ணி மாத்தும்போதும்."

"எவ்வளவு நாளா?"

"கதிர் முத்துற வரைக்கும்."

நான்கு மாதம்! மூன்று நாளைக்கு ஒருமுறை! ஒரே தண்ணீர் என்று தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறது, இவள் அதற்குக் கீழேயே நின்றுகொண்டு தர்மம் செய்திருக்கிறாள். வாயில் வந்தபடி திட்டினேன். அடுப்பில் இருந்தது தீய்ந்ததுகூடத் தெரியாமல் திட்டினேன்.

"விஷத்தைத் தொடக் கூடாதுன்னு நெனச்சேன். அதைத் தொடல. இரும்பு சாப்பாடுதானே, அதுல என்ன இருக்குன்னு நெனச்சேன்" என்றாள். பிறகு, "நாளைக்கு மேடத்துக்கிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

"பைத்தியமா உனக்கு? பட்டியல் வர்ற வாரம் இது. ஒன்பது வருஷம் அண்ணி!"

"அக்கா அந்த நெல்லைத் திங்கப் போறா."

"சொட்டாலதான் நெல்லு சுத்தமா இருந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? அந்த ரகமே நல்ல ரகமா இருக்கலாம். பூட்டு நல்லாவே இருக்கலாம். யார் கண்டா?"

"யாரும் காணல. அதான் பயமா இருக்கு."

அந்தப் பேச்சை நான் அத்தோடு நிறுத்திவிட்டேன். ஆனால் என் புத்தி நிற்கவில்லை. எனக்கு ஒரு விஷயம் தெரியும், அண்ணிக்கும் தெரியும். நாற்பது ரகத்தின் வேரையும் பயிர் காலத்தில் அறுத்து, திரவ நைட்ரஜனில் முக்கி, பொடியாக இடித்துச் சின்னச் சின்னக் குழாய்களில் மைனஸ் எண்பது ஃப்ரீசரில் வைத்திருந்தோம். அறுத்த அந்த நொடியில் வேருக்குள் எந்த ஜீன் விழித்திருந்தது, எது தூங்கியது என்ற செய்தி அந்தப் பொடியில் அப்படியே உறைந்து நிற்கும். முப்பத்தொன்றின் பெட்டி திங்கட்கிழமை வெளியூர் ஆய்வகத்துக்குப் போக இருந்தது. அங்கே படித்தால் இரும்பு வாசல் சாத்தியிருந்தது தெரிந்துவிடும். மற்ற முப்பத்தொன்பதும் பசியில் வாசலைத் திறந்து வைத்திருக்க, இது மட்டும் ஏன் சாத்தியது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் பதில் கண்ணாடி வீட்டில்தான் இருக்கிறது.

அந்தச் செய்தி ரொம்ப நோஞ்சான். குளிரை விட்டு வெளியே வந்தால் அரை மணி நேரத்தில் சிதைந்துபோகும். அப்புறம் எந்த ஆய்வகத்தாலும் படிக்க முடியாது. கூரியரில் போகும்போது ஐஸ் உருகிவிட்டது என்று பழியைக் கூரியர்காரன் தலையில் போட்டுவிடலாம். எத்தனையோ முறை நடந்ததுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது ஃப்ரீசரைத் திறந்தேன். சாவி இரண்டே பேரிடம்தான், என்னிடமும் அண்ணியிடமும். முப்பத்தொன்று என்று எழுதிய பெட்டியை எடுத்து என் மேஜையில் துணி போட்டு மூடி வைத்தேன். நாற்பது நிமிடம். அந்த நாற்பது நிமிடமும் நான் அந்த மேஜையை விட்டு நகரவில்லை. குழாய்களின் வெளியே வெள்ளையாகப் படிந்திருந்த உறைபனி கரைந்து துணி நனைந்தது. அண்ணிக்காகத்தான் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போது யோசித்தால் எனக்காகவும்தான். என் எண்ணும் அதில் இருந்தது, மேடம் தட்டிய தோளும் இருந்தது. பெட்டியைத் துடைத்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

மூன்று மணிக்கு மேடம் என்னை அழைத்தார். அவர் அறையில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சொல்லிவிட்டாள், பாவி!

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்திருந்தார். "இவ சொல்றது உனக்குத் தெரியுமா?"

"நேத்து சொன்னா மேடம்."

"நேத்தே ஏன் எங்கிட்ட வரல?"

அவர் எழுந்தார். "வாய்ப்பேச்சு வேணாம். வேரைப் பாப்போம். இரும்பு பத்தலையா போதுமாங்கறதை வேரே சொல்லும். இன்னைக்கே ஒரு குழாயை எடுத்து அந்த வாசல் ஜீனை மட்டும் நானே பாக்கறேன்."

ஐயோ என்று கத்தத் தோன்றியது. கத்தவில்லை. மூவருமாக ஃப்ரீசர் அறைக்குப் போனோம். மேடம் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். உள்ளே மாவு போல உதிர வேண்டியது கட்டியாக அடியில் ஒட்டிக்கிடந்தது. அடுத்த குழாய். அதுவும் அப்படியே. பன்னிரண்டு குழாயும் அப்படியே. உருகி மறுபடி உறைந்தது என்பதை நேற்றுச் சேர்ந்தவன்கூடச் சொல்லிவிடுவான். அந்த அவசரத்தில் என் மர மண்டைக்கு அது உறைக்கவே இல்லை.

மேடம் பக்கத்துப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அதில் பொடி பொடியாகவே இருந்தது.

"யார் பண்ணது?" என்றார். குரல் உயரவே இல்லை. அண்ணியைப் பார்த்தார். "சாவி உங்கிட்ட இருக்கு."

அண்ணி என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. திட்டுவாள், காட்டிக்கொடுப்பாள் என்று நின்றேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காத ஒரே இடம் அதுதான், திறந்திருக்க வேண்டிய ஒரே இடமும் அதுதான்.

மேடம் பெட்டியை மூடினார். "சொட்டுக் கதையைச் சொல்லிட்டு, அதைச் சோதிக்கவும் விடாம பண்ணிட்ட. எதுக்குன்னு எனக்குப் புரியல. ஒரு அத்தாட்சியும் இல்லாம, ஒரு வேலைக்காரம்மா சொன்னாங்கன்னு முப்பது வீட்டுக்காரங்ககிட்ட நான் எப்படிப் போய் நிறுத்தறது? எட்டு வருஷம்! நாலு சொட்டுல ஒண்ணும் ஆகியிருக்காது. திங்கட்கிழமை விதை போகும். நீ போ."

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அண்ணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். போன் அடித்தது. ஆற்றோரத்து அக்கா. சத்தம் எனக்கே கேட்டது. நாற்றங்காலை உழுதுவிட்டாளாம். இரண்டு வருடம் கழித்து வயலில் தண்ணீர் விட்டிருக்கிறாளாம். தண்ணீரைப் பார்த்து அழுகையே வந்துவிட்டதாம்.

"அக்கா, கொஞ்சம் பொறு. விதைக்காதே" என்றாள் அண்ணி.

"ஏன்டி? உங்க மேடம்தானே தர்றாங்க!"

"எனக்கு மனசு சரியில்லக்கா."

"உனக்கு எப்பத்தான் மனசு சரியா இருந்துச்சு! வெச்சுடு, எனக்கு வேலை கெடக்கு." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

அண்ணி போனை மடியில் போட்டுக்கொண்டு, "உன்னை நான் ஒண்ணும் கேக்கல" என்றாள் என்னிடம். "எனக்காகத்தான் பண்ணேன்னு தெரியும். ஆனா இனிமே நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. அதை மட்டும் நீ தெரிஞ்சுக்கோ." அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மெஷின் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவள். பாதிதான் உண்மை அது. கேட்டதைத்தான் சொல்லும். மேடம் என்னிடம் கேட்டது காட்மியம் எவ்வளவு என்று மட்டும்தான். நானும் அதை மட்டும்தான் பார்த்தேன். அந்த மெஷினுக்கு இரும்பையும் அளக்கத் தெரியும். வேரையும் இலையையும் கரைத்த பழைய அமிலம், மூடி போட்ட குழாய்களில், என் அலமாரியின் கீழ்த்தட்டில் இன்னும் இருந்தது. எதையும் சீக்கிரம் கொட்டிவிட மனம் வராத என் கெட்ட பழக்கம் எதற்கோ உதவியது.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் போய் மெஷினைச் சூடேற்றினேன். இரும்புக்கு அளவு பிடிக்க ஐந்து கரைசல் கலந்தேன். ஒன்றாம் ரகத்திலிருந்து வரிசையாக விட்டேன். முப்பத்தொன்றை மட்டும் முதலில் விட்டுப் பார்க்கலாமே என்று கை பரபரத்தது. கூடாது என்று அடக்கிக்கொண்டேன். எல்லாத் தொட்டிக்கும் ஒரே தண்ணீர் என்றால் எல்லாக் குழாய்க்கும் ஒரே வரிசை. ஒரு குழாய்க்கு மூன்று நிமிடம். எண்கள் ஒன்றையொன்று ஒட்டியே வந்தன, எல்லாம் பசித்த செடியின் எண்கள். இருபத்தொன்பது. முப்பது. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுகொண்டேன்.

முப்பத்தொன்றில் இரும்பு மற்றவற்றைப் போல மூன்று மடங்கு. இரண்டாவது தொட்டியிலும் அப்படியே. மூன்றாவதிலும். ரகம் நல்ல ரகமாக இருக்கட்டும் கடவுளே என்று இரண்டு நாளாக உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தது அங்கேயே செத்துப்போனது. அது பசியில்லாமல் வளர்ந்த செடி. அதன் பூட்டைப் பற்றி என் எண்ணோ வேறு எவருடைய எண்ணோ ஒன்றுமே சொல்லவில்லை.

தாளை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். விதைப் பைகளில் ஒட்டும் சீட்டுகளை அவரே எழுதிக்கொண்டிருந்தார். தாளை முன்னால் வைத்தேன்.

"பெட்டியை வெளிய எடுத்து வெச்சது நான் மேடம். அப்ப அண்ணிக்கு ஒண்ணும் தெரியாது. பின்னால தெரிஞ்சும் அவ என்னைக் காட்டிக்கொடுக்கல."

அவர் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. தாளை மேலிருந்து கீழ்வரை படித்தார். திரும்பவும் படித்தார். பேனா மூடியைத் திருகித் திருகி மூடினார்.

"என் எழுத்து அந்தக் கதவு மேல எட்டு வருஷமா இருக்கு" என்றார் கடைசியில். "ஒரு நாளாவது உள்ள போய் அவ எப்படித் தண்ணி ஊத்தறான்னு நான் நின்னு பாத்ததில்ல." எழுதிய சீட்டுகளை அடுக்கி, இரண்டாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "நீ செஞ்சதுக்கு என்ன பண்றதுன்னு அப்புறம் பாத்துக்கறேன். வெளிய போ."

திங்கட்கிழமை முப்பது வீட்டுக்காரர்களும் பையோடு வந்துவிட்டார்கள். மேடம் மேடையில் ஏறி, விதை கிடையாது என்றார். சோதனையில் தவறு, பொறுப்பு தன்னுடையது என்றார். கூட்டம் கொதித்தது. உழுதுபோட்ட கூலியை யார் கொடுப்பது என்று ஒருவர் நாற்காலியைத் தள்ளினார். அப்போதுதான் அண்ணி நடுவில் போய் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

"மேடம் மேல தப்பில்லைங்க. தண்ணி ஊத்தினது நான். வாடுதேன்னு ஒரு சொட்டு இரும்பு விட்டேன். அதனாலதான் நல்ல விதை மாதிரி தெரிஞ்சுது. அதை உங்க வயல்ல போட்டா உங்க சோத்துல விஷம் ஏறலாம். என்னைத் திட்டுங்க."

திட்டினார்கள். நன்றாகவே திட்டினார்கள். ஆனால் எல்லோரையும் விட அதிகம் திட்டியது அவள் அக்காதான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். "ரெண்டு வருஷம்டி! உன் பேச்சை நம்பி ரெண்டு வருஷம் கண்ணுல உயிரை வெச்சுக்கிட்டு இருந்தேன். சின்ன வயசுலேர்ந்தே இதே கதைதான் உனக்கு. கோழிக்குஞ்சுக்குத் தண்ணி குடுத்துக் குடுத்தே கொன்னவதானே நீ!" கையில் இருந்த காலிப் பையை அண்ணியின் மேல் வீசிவிட்டுப் போனாள். அண்ணி அந்தப் பையை மடித்து வைத்துக்கொண்டாள்.

நிரந்தரப் பட்டியலில் அண்ணியின் பெயரை எடுத்துவிட்டார்கள். தினக்கூலியாக வைத்துக்கொண்டதே மேடம் போராடியதால்தான். எனக்கு எழுத்து மூலமாக எச்சரிக்கை. ஃப்ரீசர் சாவியையும் பிடுங்கிக்கொண்டார்கள். அண்ணன் ஒரு மாதம் எங்கள் இருவரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பழமும் இல்லை பாலும் இல்லை என்று சுவரைப் பார்த்துச் சொல்லுவான்.

இந்தப் பருவம் நாற்பது ரகத்தையும் மறுபடி போட்டிருக்கிறோம். முதல் நாளே அண்ணி இரும்பு பாட்டில் இருக்கும் அலமாரியைப் பூட்டிச் சாவியை என் கையில் கொடுத்தாள். "தண்ணி கலக்குற அன்னைக்கு மட்டும் நீ வந்து தொறந்து, பாத்துக்கிட்டு நில்லு. நடுவுல நான் அழுது கேட்டாலும் குடுக்காதே" என்றாள். ஃப்ரீசரை உருகவிட்டவளிடம் சாவி! வேறு யாராவது இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நான் அதை வளையலோடு கோர்த்து வைத்திருக்கிறேன்.

முப்பத்தொன்று இப்போது முழு மஞ்சள். புது வேரை அறுத்து மேடமே கூட நின்று படித்தாகிவிட்டது. இரும்பு வாசல் அகலத் திறந்து கிடக்கிறது, பூட்டு வேலை செய்யவில்லை. நெல் வந்து சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. பன்னிரண்டாம் ரகம் என்று ஒன்று, குட்டையாக, பார்க்கச் சகிக்காமல் நிற்கிறது. அதன் பூட்டு நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது. அறுவடை வரைக்கும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று மேடம் உத்தரவு.

நேற்று மதியம் கண்ணாடி வீட்டுக்குள் போனேன். அண்ணி முப்பத்தொன்றின் தொட்டிகள் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். நுனி இலைகள் வெள்ளைக் காகிதமாகிவிட்டன. இரண்டு நாள் தாங்கினால் அதிகம். கைகள் இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. என் வளையலை ஒரு தடவை பார்த்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அவள் கேட்கவில்லை.

போன் அடித்தது. சண்டைக்குப் பிறகு ஆற்றோரத்து அக்கா மூன்று மாதம் பேசாமல் இருந்தாள். இப்போது மறுபடி வாரம் ஒருதரம் போடுகிறாள். கேள்வி மட்டும் மாறிவிட்டது.

"ஏதாவது ஊத்தினியாடி?"

"இல்லக்கா."

"சத்தியமா?"

அண்ணி தொட்டியைப் பார்த்தபடியே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒரு சொட்டுகூட இல்லக்கா" என்றாள்.